1,23,45,67,890-ஐப் பிரித்துப் பார்ப்பது: ஒரு பெரிய எண்ணின் பண்புகளைக் கையால் கண்டறிய முழு வழிகாட்டி

பெரிய எண் ஒன்றைக் கொடுத்து அதன் பண்புகளைக் கேட்டால், பலரும் தோன்றிய இடத்தில் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர் வகுத்திகளை எண்ணுவார், இன்னொருவர் இரும வடிவத்துக்குப் போவார், மற்றொருவர் வர்க்கமூலம் எடுப்பார். ஒவ்வொன்றும் தனிக் கணக்காக நீண்டு, பாதியில் எங்கோ ஓர் இலக்கம் மாறி, கடைசியில் எதையும் நம்ப முடியாமல் போகும்.

வரிசை ஒன்றுதான்: முதலில் பகாக் காரணிகள், பிறகு சரிபார்ப்பு, அதற்குப் பிறகே மற்ற எல்லாம். இங்கே எடுத்துக்கொள்ளும் எண் 1234567890. பார்க்க எளிமையாக இருந்தாலும் உள்ளே பிடிகொடுக்காத எண் இது. அதனால்தான் பழகுவதற்கு நல்லது.

1. தொடங்கும் முன் தேவையானவை

கட்டம் போட்ட தாள், பென்சில், குறைந்தது 10 இலக்கம் காட்டும் கால்குலேட்டர். எட்டு இலக்கத் திரை போதாது. நாம் எடுத்த எண்ணே அதில் அடங்காது.

61 வரையிலான பகா எண்களின் பட்டியலைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61. மனப்பாடமாகத் தெரியும் என்று விட்டுவிடுபவர்கள் 51-ஐயும் 57-ஐயும் பகா எண்ணாக எண்ணிவிடுவது வழக்கம். 51 = 3 × 17; 57 = 3 × 19.

விரிதாளில் செய்தால் ஒரு எச்சரிக்கை. எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காக்காது. இந்த எண்ணை வர்க்கப்படுத்தினால் 19 இலக்கம் வரும்; அதன் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகிவிடும்.

2. எண்ணை எழுதி, எல்லையைக் குறித்தல்

நம் வழக்கில் இது 1,23,45,67,890. அதாவது 123 கோடியே 45 லட்சத்து 67 ஆயிரத்து 890. விடையை எழுதும்போது காற்புள்ளி வையுங்கள்; கணக்கு நடக்கும் வரிகளில் வேண்டாம். காரணம் நான்காம் படியில் தெரியும்.

அடுத்து வர்க்கமூலத்தின் எல்லை. 35136² = 1,23,45,38,496. 35137² = 1,23,46,08,769. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அது முழு வர்க்கம் அல்ல. எந்த வகுத்தி இணையை எடுத்தாலும் ஒன்று 35,136-க்குள்ளும் மற்றொன்று அதற்கு மேலும் இருக்கும். இந்த ஒரு வரி பின்னால் பட்டியலைச் சரிபார்க்க உதவும்.

3. எளிய காரணிகளை உரித்தெடுத்தல்

கடைசி இலக்கம் 0. ஆகவே 2-ம் 5-ம் உண்டு. 2-ஆல் ஒரு முறை, 5-ஆல் ஒரு முறை என்று தனித்தனியாக வகுக்க வேண்டாம். பூஜ்ஜியத்தை நீக்கினால் 123456789. இது ஒற்றை எண், கடைசி இலக்கம் 9. எனவே 2-ம் 5-ம் ஒவ்வொரு முறைதான்.

இலக்கக் கூட்டுத்தொகை 45. அது 9-ஆல் வகுபடும்; எண்ணும் வகுபடும். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் ஒவ்வொரு இலக்கமும் எந்த இடத்தில் இருந்தாலும் தன் மதிப்பையே மீதியாகத் தருகிறது. இந்தச் சோதனை வேலை செய்வதற்கு அதுதான் காரணம். இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களையும் ஒரு முறை மட்டும் கொண்ட பத்து இலக்க எண்கள் 32,65,920 உண்டு. எல்லாவற்றுக்கும் கூட்டுத்தொகை 45. ஆகவே அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் அல்ல.

123456789 ÷ 9 = 13717421. இங்கே நிறுத்தி, இன்னொரு 3 இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுத்தொகை 26, இல்லை. ஒரு காரணியால் வகுத்ததும் அதே காரணியை மறுபடி சோதிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது புதியவர்களின் முதல் பெரிய பிழை.

இதுவரை: 1234567890 = 2 × 3² × 5 × 13717421.

4. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில்

7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் மூன்று சோதனையும் ஒன்றாக முடியும்.

13 | 717 | 421 → 421 − 717 + 13 = −283.

283-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 8, 13-ஆல் 10. மூன்றும் காரணி இல்லை.

இந்த இடத்தில்தான் காற்புள்ளி கெடுக்கும். 1,37,17,421 என்று நம் முறையில் எழுதி வைத்தவர்கள், காற்புள்ளி பிரித்த துண்டுகளையே எடுத்துக்கொள்கிறார்கள்: 421 − 17 + 37 − 1 = 440. 440, 11-ஆல் வகுபடும். “11 ஒரு காரணி” என்று எழுதி, வகுத்துப் பார்க்காமலே மேலே போய்விடுகிறார்கள். நம் காற்புள்ளி முதல் மூன்று இலக்கத்துக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கிறது. இந்தச் சோதனைக்கு மும்மூன்றாகத்தான் வேண்டும். கணக்கு வரிகளில் காற்புள்ளி வேண்டாம் என்றது இதற்குத்தான்.

37-க்கும் குறுக்குவழி உண்டு. 999 = 27 × 37 என்பதால் அதே துண்டுகளை எல்லாம் கூட்டினால் போதும்: 421 + 717 + 13 = 1151. 37-ஆல் வகுத்தால் மீதி 4.

17 முதல் 47 வரை மீதமுள்ள பகா எண்களுக்கு நேரடியாக வகுக்க வேண்டியதுதான். மீதிகளைத் தவறாமல் குறித்து வையுங்கள், பின்னால் பயன்படும். 17-க்கு 2, 19-க்கு 10, 23-க்கு 14, 29-க்கு 15, 31-க்கு 14, 41-க்கு 10, 43-க்கு 34, 47-க்கு 1.

5. வர்க்க வித்தியாசத்தால் உடைத்தல்

இப்போது கையில் இருப்பது 13717421. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போனால் காரணி கிடைக்கச் சுமார் 500 வகுத்தல்கள் ஆகும். பாதி வழியில் “இது பகா எண்தான்” என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

அதற்குப் பதில் ஃபெர்மா முறை. ஓர் ஒற்றை எண் இரண்டு காரணிகளின் பெருக்கம் என்றால், அந்த இரண்டின் சராசரியை அ என்றும், வித்தியாசத்தில் பாதியை ஆ என்றும் வைத்தால், எண் = அ² − ஆ². ஆகவே வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே இருந்து ஒவ்வோர் அ-வாக எடுத்து, அ²-இலிருந்து எண்ணைக் கழித்து, வருவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

அ = 3704: 13719616 − 13717421 = 2195. 5-இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது. வர்க்கமூலம் எடுக்காமலே தள்ளிவிடலாம்.

அ = 3705: 13727025 − 13717421 = 9604. இது 98².

ஆகவே காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. ஐந்நூறு வகுத்தல் செய்ய வேண்டிய வேலை இரண்டு கழித்தலில் முடிந்துவிட்டது.

உண்மையில் முதல் முயற்சியும் தேவையில்லை. 13717421-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஒற்றை வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 1, இரட்டை வர்க்கத்துக்கு 0. எனவே அ ஒற்றையாகத்தான் இருக்க முடியும். 3704-ஐத் தாண்டி நேரே 3705-க்கு வந்திருக்கலாம்.

இந்த முறையை உரித்தெடுக்கும் முன் 1234567890 மீதே நடத்திப் பார்ப்பவர்களும் உண்டு. அது எத்தனை நாள் போட்டாலும் முடியாது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 3 ஆகியவைதான் வரும், 2 வராது. நம் எண் 90-இல் முடிகிறது, மீதி 2. முதலில் 2-ஐ எடுத்துவிட்டுத்தான் இந்தப் படிக்கு வர வேண்டும்.

6. கிடைத்தவை பகா எண்கள்தானா

கிடைத்த காரணி பகா எண் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 60² = 3600, 61² = 3721. ஆகவே 3607-க்கு 59 வரை சோதித்தால் போதும். 3803-க்கு 61 வரை. சோதனையை வர்க்கமூலத்தில் நிறுத்துவதற்குக் காரணம் எளிது: அதைவிடப் பெரிய காரணி இருந்தால் அதன் இணை அதைவிடச் சிறியதாக இருக்கும், அது ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும்.

13717421-ஐ 47 வரை எதுவும் வகுக்கவில்லை என்று நான்காம் படியிலேயே கண்டுவிட்டோம். அதன் காரணிகளையும் அவை வகுக்காது. எனவே மிச்சம் 53, 59, 61 மட்டுமே. 3607-க்கு 53-ஆல் மீதி 3, 59-ஆல் மீதி 8. 3803-க்கு 53-ஆல் மீதி 40, 59-ஆல் 27, 61-ஆல் 21. இரண்டும் பகா எண்கள்.

முடிவு: 1234567890 = 2 × 3² × 5 × 3607 × 3803.

7. மேலே போகும் முன் சரிபார்ப்பு

இந்தப் படியைத் தாண்டுபவர்களுக்குப் பின்னால் வரும் எல்லா விடையும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். இரண்டு நிமிட வேலைதான்.

ஒன்பதால்: 3607-இன் இலக்கக் கூட்டு 16, அதாவது 7. 3803-க்கு 14, அதாவது 5. 7 × 5 = 35, அதாவது 8. 13717421-க்கு 26, அதாவது 8. பொருந்துகிறது.

இது மட்டும் போதாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது. 13717241 என்று தவறாக எழுதினாலும் ஒன்பது சோதனை சரி என்றே சொல்லும். அதைப் பிடிக்கப் பதினொன்று வேண்டும். வலப்பக்கத்திலிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 3607-க்கு 10, 3803-க்கு 8. 80-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 3. 13717421-க்கு −8, அதாவது 3. பொருந்துகிறது. இலக்கம் மாறிய 13717241-க்கு 10 வரும். பிழை உடனே தெரிந்துவிடும்.

நான்காம் படியில் குறித்த மீதிகளும் இங்கே சாட்சி. 47-ஆல் வகுத்தால் 3607-க்கு மீதி 35, 3803-க்கு 43. 35 × 43 = 1505, அதை 47-ஆல் வகுத்தால் மீதி 1. முன்பு குறித்ததும் 1.

8. வகுத்திகள்

அடுக்குகள் 1, 2, 1, 1, 1. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 2 × 3 × 2 × 2 × 2 = 48. ஒன்றைக் கூட்டுவது ஏன்? அந்தக் காரணியை எடுக்காமலே விடுவதும் ஒரு தேர்வு. இதை மறந்து அடுக்குகளை மட்டும் பெருக்கினால் 2 என்று வந்து நிற்கும்.

பட்டியல் போட வேண்டுமானால் 48-ஐயும் தேடி அலைய வேண்டாம். 90-இன் வகுத்திகள் பன்னிரண்டு: 1, 2, 3, 5, 6, 9, 10, 15, 18, 30, 45, 90. இவற்றை வரிசையாக எழுதி, நான்கு பத்திகளில் முறையே 1, 3607, 3803, 13717421 ஆகியவற்றால் பெருக்குங்கள்.

வர்க்கமூலத்துக்கு மிக நெருங்கிய இணை 34,227 × 36,070. அதாவது 3803 × 9-ம் 3607 × 10-ம். ஒன்று 35,136-க்குக் கீழே, மற்றது மேலே. இரண்டாம் படியில் சொன்ன எல்லையோடு ஒத்துப்போகிறது.

9. வகுத்திகளின் கூட்டுத்தொகை

ஒவ்வொரு பகாக் காரணிக்கும் அதன் அடுக்குகளைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்: (1 + 2) × (1 + 3 + 9) × (1 + 5) × 3608 × 3804.

3²-க்கு (1 + 3)² = 16 என்று எழுதுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 13 என்பதே சரி. 16 என்றால் 3 இரண்டு முறை சேர்ந்துவிடும்.

3 × 13 × 6 = 234. 3608 × 3804 = 1,37,24,832. பெருக்கினால் 3,21,16,10,688.

தோராயமாகச் சரிபார்க்க: 234 ÷ 90 = 2.6. பெரிய பகாக் காரணிகள் இந்த விகிதத்தை மிகச் சிறிதளவே உயர்த்தும். விடையை எண்ணால் வகுத்தால் 2.6014. சரி.

எண்ணையே கழித்துவிட்டால் 1,97,70,42,798. இது எண்ணைவிடப் பெரியது. ஆகவே 1234567890 ஒரு மிகை எண். உண்மையில் இதற்கு இவ்வளவு கணக்கும் வேண்டாம். 6 ஒரு நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் (1 + 2 + 3) அதே எண் வரும். அதன் மடங்குகளில் 6-ஐத் தவிர மற்ற எல்லாம் மிகை எண்கள்தான்.

10. சார்பகா எண்களின் எண்ணிக்கை

1 முதல் 1234567890 வரை, இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்கள் எத்தனை? இதை ஆய்லரின் ஃபை சார்பு தரும்.

2-க்கு 1, 3²-க்கு 6, 5-க்கு 4, 3607-க்கு 3606, 3803-க்கு 3802. 3²-க்கு 2 × 2 = 4 என்றோ 9 − 1 = 8 என்றோ எழுதிவிடுகிறார்கள். 9-க்குள் 3, 6, 9 ஆகிய மூன்றை நீக்கினால் மிஞ்சுவது 6.

1 × 6 × 4 = 24. 3606 × 3802 = 1,37,10,012. பெருக்கினால் 32,90,40,288. எண்ணில் இது ஏறத்தாழ 26.65 விழுக்காடு, 24 ÷ 90-ஐவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும், அப்படியே இருக்கிறது.

11. வர்க்கங்களோடும் முக்கோணங்களோடும்

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியாது என்று ஐந்தாம் படியிலேயே பார்த்தோம். கூட்டுத்தொகையாகவும் முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டை அடுக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. 3 அப்படி இருக்கிறது. 3607-ம் 3803-ம் மீதி 3 தருபவை, ஆனால் ஒரு முறைதான் வருகின்றன.

மூன்று வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியும். 8-ஆல் வகுத்தால் மீதி 2. தடை இருப்பது மீதி 7 தரும் எண்களுக்கும் அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கி வருபவற்றுக்கும்தான்.

செங்கோண முக்கோணத்தின் கர்ணமாக வருமா? இங்கே 5 கைகொடுக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகாக் காரணி அது ஒன்றுதான், அதுவும் ஒரே முறை. அதனால் முழு எண் பக்கங்களோடு சரியாக ஒரே ஒரு முக்கோணம். எண்ணை 5-ஆல் வகுத்தால் 24,69,13,578. அதை 3-ஆலும் 4-ஆலும் பெருக்குங்கள்: 74,07,40,734, 98,76,54,312. இரண்டாவதைப் படியெடுக்கும்போது கை தானாக 321 என்று முடித்துவிடும். 312 என்பதே சரி. சரிபார்க்க மூன்றையும் வர்க்கப்படுத்தி 18, 19 இலக்கங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். 9 + 16 = 25 என்பதே நிரூபணம்.

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + … என்று கூட்டிக்கொண்டே போனால் வருமா என்று பார்க்க, எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வர்க்கம் வர வேண்டும். எட்டு மடங்கு 9876543120; மறுபடி பத்து இலக்கமும் ஒவ்வொரு முறை. ஒன்று கூட்டினால் 9876543121; இது 99380²-க்கும் 99381²-க்கும் இடையில் விழுகிறது. ஆகவே முக்கோண எண் அல்ல.

12. இரும வடிவம்

2-ஆல் முப்பத்தொரு முறை வகுப்பதைவிட 16-ஆல் எட்டு முறை வகுப்பது பாதுகாப்பானது. வரும் மீதிகள் முறையே 2, 13, 2, 0, 6, 9, 9, 4. கடைசி மீதிதான் முதல் இடம்: 4, 9, 9, 6, 0, 2, 13, 2. ஒவ்வொன்றையும் நான்கு இருமங்களாக எழுதுங்கள்:

0100 1001 1001 0110 0000 0010 1101 0010

நடுவில் வரும் 0-ஐயும் 2-ஐயும் 0000, 0010 என்று நான்கு இடம் விட்டு எழுதாமல் சுருக்கினால் எண் முழுதும் இடம் பெயர்ந்துவிடும். முன்னால் இருக்கும் ஒரே பூஜ்ஜியத்தை மட்டும் நீக்கலாம். மிஞ்சுவது 31 இருமங்கள், அவற்றில் 1 பன்னிரண்டு. 10 என்று முடிவதால் 2 ஒரே முறைதான் காரணி என்பதும் மறுபடி உறுதியாகிறது.

31 இருமம் என்பதால், கணினியில் ஓர் இடத்தைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கும் 32 இரும இடத்துக்குள் இந்த எண் அடங்கும். 1970 சனவரி 1 முதல் விநாடிகளை எண்ணும் யூனிக்ஸ் கடிகாரம் இந்த எண்ணைத் தொட்டபோது நமக்கு 2009 பிப்ரவரி 14, காலை 5 மணி 1 நிமிடம் 30 விநாடி.

13. வேறு எண்ணில் பழகும்போது

அடுத்ததாக 9876543210-ஐ எடுங்கள். 90-ஆல் வகுத்தால் 109739369. 369 − 739 + 109 = −261; 7, 11, 13 மூன்றும் இல்லை. இங்கே நேராக ஃபெர்மா முறைக்குத் தாவினால், ஒற்றை அ-வை மட்டும் எடுத்தாலும் ஏறத்தாழ 90,000 முயற்சி ஆகும், ஏனென்றால் காரணிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. 17-ஆல் வகுத்திருந்தால் உடனே 6455257. இதில் 17-ஐ மறுபடி சோதிக்க வேண்டும்: 379721. 616² = 379456 என்பதால் 613 வரை சோதித்தால் இது பகா எண் என்று தெரியும்.

ஆகவே 50 வரை நேரடி வகுத்தல், பிறகு ஃபெர்மா முறையில் இருபது முயற்சி, அதிலும் கிடைக்காவிட்டால் திரும்பி 53-இலிருந்து வகுத்தலைத் தொடருங்கள். இருபது என்பது கணித விதி அல்ல. நெருங்கிய காரணிகள் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் சிக்கிவிடும், இல்லையென்றால் இருநூறிலும் சிக்காது.